மாசியில் மட்டும் இருக்கும் பாதை

அனுப்புநர்
சு. வள்ளிமயில்,
க/பெ. சுடலைமாடன்,
கீழத்தெரு, மேலக்கரிசல்பட்டி,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தூத்துக்குடி.

பொருள்: கைப்பேசியில் வழிகாட்டும் வரைபடச் செயலி, எங்கள் ஊரின் ஆட்டுப்பாதையைச் சாலை என்று காட்டுவது – ஆம்புலன்ஸ் சேற்றில் புதைந்தது – பருவமழைக்கு முன் அதை நீக்கச் செய்ய வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. செயலி வழியாக நான் அனுப்பிய ஒன்பது திருத்தங்கள். 2. நிறுவனத்துக்கு ஜூன் மாதம் அனுப்பிய பதிவுத் தபால் (ஒப்புகை அட்டை இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தீப்பெட்டி ஆலையில் பதினோரு வருடம் மேற்பார்வை பார்த்துவிட்டு, இப்போது எழுபது ஆடுகள் வைத்திருக்கிறேன். இதற்கு முன் யார்மீதும் மனு எழுதியதில்லை. சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

2. பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் எங்கள் விலக்கிலிருந்து வரத் தார்ச்சாலை ஒன்றுதான். கண்மாய்க்கரையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரும். அதைத் தவிர, கரிசல் காட்டுக்குக் குறுக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் ஓர் ஆட்டுப்பாதை இருக்கிறது. தை மாதம் அறுவடை முடிந்ததும் அது திறக்கும். வெயிலில் காய்ந்த கரிசல் சிமெண்டுத் தளமாக இறுகிக் கிடக்கும். மொபெட், டிராக்டர் எல்லாம் போகும். புரட்டாசியில் விதைத்ததும் இரண்டு பக்கமும் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுவோம். அதன் பிறகு அது பயிர் நிற்கும் காடு. மழை பெய்துவிட்டால் கால் வைத்தவன் முழங்கால் வரை இறங்குவான். இதை எங்கள் ஊரில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

3. இனி எழுதுவது என் பக்கத்துத் தவறு. மறைத்து எழுதினால் மனு நிற்காது என்பதால் எழுதுகிறேன். சென்ற வருடம் மாசி மாதம் ஆடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தபோது, என் கைப்பேசியில் அந்தச் செயலி ஒரு கேள்வி கேட்டது: இங்கே சாலை இருக்கிறதா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். நான் பாதையில் நின்றுகொண்டிருந்தேன். ஆம் என்று அழுத்தினேன். நன்றி சொல்லி ஒரு நட்சத்திரமும் கொடுத்தார்கள். என்னோடு மேய்க்கும் மூன்று பேருக்கும் அதே கேள்வி வந்தது. அவர்களும் ஆம் என்றார்கள். நாங்கள் நான்கு பேரும் பொய் சொல்லவில்லை. கேள்வியில் மாதம் இல்லை. எந்த மாதத்தில் என்று கேட்டிருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்போம்.

4. கடந்த 27.11.2024 அன்று, நல்ல கார்த்திகை மழை. என் பக்கத்து வீட்டுக் காளீஸ்வரிக்கு, மருத்துவர் குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே பிற்பகலில் வலி எடுத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். ஓட்டுநர் சோலைராஜ் வெளியூர்க்காரர், பொறுப்பானவர். அவரை நான் குறை சொல்லவில்லை. செயலி அவருக்கு ஆட்டுப்பாதையைக் காட்டியிருக்கிறது. முள்ளை இறங்கி ஒதுக்கிப்போட்டுவிட்டு வண்டியை உள்ளே விட்டிருக்கிறார். பாதி வழியில் நான்கு சக்கரமும் இறங்கிவிட்டன. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எக்கா, போன்ல ரோடு கோடு போட்ட மாதிரி கெடக்கு. முள்ளப் பாத்ததும், யாரோ வரப்புத் தகராறுல வேணும்னே அடைச்சிருக்காவன்னு நெனச்சிட்டேன்."

வேறு வண்டி வர நேரமாகும் என்று ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் சொன்னார்கள். ஊரில் இருக்கும் மொபெட்டிலும் டிராக்டரிலும் வலியோடு இருப்பவளை ஏற்ற முடியாது. காளீஸ்வரியைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து, ஆறு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை வழியாக நடந்தோம். தலைமாட்டில் கட்டிலின் ஒரு காலை நான் பிடித்திருந்தேன். "எக்கா, என்னய எறக்கி மட்டும் வச்சிராதீய" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். விலக்குக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, பனைமரத்தடியில், மழையில் பிள்ளை பிறந்தது. பிள்ளை நலம். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை; விலக்குக்கு வந்த மாற்று வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம், பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். நான் எளிதில் பயப்படுகிறவள் இல்லை, அன்று பயந்தேன். அந்த நான்கு ஆம்களில் ஒன்று என்னுடையது என்பதை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

5. மறுநாளே திருத்தம் அனுப்பினேன். ஒன்பது முறை அனுப்பியாயிற்று. சரிபார்க்க முடியவில்லை என்று எட்டு முறை ஒரே வாசகம் வந்தது. ஒன்பதாம் முறை, பல பயனர்கள் இந்தச் சாலையை உறுதிசெய்துள்ளனர் என்று வந்தது. ஐயா, அந்தப் பலர் நாங்கள்தான். சாட்சி சொன்னவர்களே திரும்பி வந்து, பாதை இப்போது இல்லை என்கிறோம், கேட்பார் இல்லை. பேச ஒரு தொலைபேசி எண் கிடையாது. எழுத்தில் பதில் சொல்லும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அது என் குறையைக் கேட்டுவிட்டு, தன் சேவைக்கு எத்தனை மதிப்பெண் தருவேன் என்று கேட்டது. பதிவுத் தபால் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். இந்தச் சண்டைக்காரனுக்குக் கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. "நீயே ஆமான்னு அமுக்குவ, நீயே மனுவும் எழுதுவ" என்று என் கணவர் கேலி செய்கிறார். செய்தவள்தானே சரிசெய்யவும் வேண்டும்?

கோடையில் அந்தப் பாதையில் எங்கள் வண்டிகள் ஓடுவதைப் பார்த்தும் சாலை என்று முடிவு செய்வார்களோ என்ற சந்தேகத்தில், இந்த வருடம் நாங்கள் நால்வரும் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் மேய்ச்சலுக்குப் போனோம். அப்படியும் கோடு அழியவில்லை.

6. நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா என்று விசாரித்தேன்; இலவசச் சேவைக்கு நீங்கள் எப்படி நுகர்வோர் ஆவீர்கள் என்று அங்கே கேட்டார்கள். நான் காசு கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் செயலி கேட்ட கேள்விக்கு என் பதிலைக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார்கள். என்னிடம் வாங்கியதில் பிழை இருக்கிறது என்று நானே சொல்லும்போது கேட்கக் கடமைப்பட்டவர்கள் என்பது என் உறுதியான எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லையென்றால் சட்டத்தில் அதைச் சேர்க்க வேண்டும். அதற்கும் தாங்கள் மேலிடத்துக்கு எழுத வேண்டுகிறேன்.

7. எனக்கு ஏன் இத்தனை அவசரம் என்றால், என் மகள் தீபலட்சுமி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மருத்துவர் குறித்திருக்கும் நாள் நவம்பர் 4, அதாவது ஐப்பசி 18. காடு முழுவதும் தண்ணீர் நிற்கும் காலம். முன்கூட்டியே கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். அப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆனால் வலி நாள் பார்த்து வருவதில்லை என்பதைக் காளீஸ்வரி விஷயத்தில் கண்ணால் பார்த்தவள் நான். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பெண்களுக்கு மார்கழியில் நாள்.

8. ஆகவே, புரட்டாசி பிறப்பதற்குள் அந்தப் பாதையை வரைபடத்திலிருந்து நீக்கும்படி தங்கள் கையெழுத்தில் நிறுவனத்துக்கு எழுத வேண்டுகிறேன். நான் எழுதினால் இயந்திரம் படிக்கும். தாங்கள் எழுதினால் மனிதர் யாராவது படிப்பார்கள். அவர்கள் பதில் வரும்வரை காத்திராமல், எங்கள் ஊருக்குக் கண்மாய்க்கரை வழியாகத்தான் வரவேண்டும் என்று ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்துவிட வேண்டும். விலக்கில் ஒரு பலகையும் தேவை. நானே எழுதி நட்ட பலகையை, அனுமதி பெறவில்லை என்று ஊராட்சியில் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அனுமதி கொடுத்தால் அதையே நடலாம்.

9. மாசியில் நான் சொன்னது உண்மை. எத்தனை பேர் விசாரித்தாலும் அதைத்தான் சொல்வேன். ஆயினும், முன்பு சொன்னது பொய் என்று எழுதித் தந்தால்தான் நீக்குவோம் என்று நிறுவனம் கேட்குமானால், தாளைக் கொடுத்தனுப்புங்கள், பொய் என்றே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். வள்ளிமயில் வழியைத் தப்பாகச் சொன்னாள் என்று ஊர் பேசினால் பேசட்டும். என் மகளுக்கு வரும் வண்டி தார்ச்சாலையில் வரட்டும்.

இடம்: மேலக்கரிசல்பட்டி
நாள்: 18.08.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
சு. வள்ளிமயில்
(ஒப்பம்)