சந்தேகத்துக்கு எண் இல்லை

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

பதினான்கு வருஷம் உங்கள் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் எழுதுகிறேன். குரல்வளையை எடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. இனி போன் போட்டு உங்களை வம்புக்கு இழுக்க முடியாது. செல்போனில் கட்டைவிரலால் தட்டினால் நாலு வார்த்தைக்கு மேல் மனசு வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் காகிதம்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தீர்கள். வார்டு வாசலிலேயே நின்று என் வீட்டுக்காரியிடம் பழப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனீர்களாம். அப்புறம் ஆளையே காணோம். கோபமில்லை. டிரைவருக்கு லீவு ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சேதி என்னவென்றால், நான் படிக்கச் சேர்ந்துவிட்டேன். நாற்பத்தைந்து வயதில். மெடிக்கல் கோடிங், பில்லிங் என்று ஒரு படிப்பு. மகள்தான் விசாரித்து வந்தாள். "அப்பா, அந்த வேலையில வாயைத் திறக்கவே வேண்டாம். டாக்டர் எழுதினதைப் படிக்கணும், அதுக்கு உண்டான நம்பரைப் போடணும், அவ்வளவுதான்" என்றாள். உலகத்தில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும், ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஓர் எண் இருக்கிறதாம். சரியான எண்ணைப் போட்டால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பில்லை ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடும்.

ஆறு மாத வகுப்பு. மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் ஒரே அறை. மற்றவர்கள் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கழுத்தில் துணி கட்டிய என்னைப் பார்த்து முதல் நாள் எழுந்து நின்றார்கள், வாத்தியார் என்று நினைத்து. வாத்தியாரம்மா உண்மையில் முன்னாள் நர்ஸ். சந்தேகம் வந்தால் சிலேட்டில் எழுதித் தூக்கிப் பிடிக்கிறேன். முதல் வாரத்திலேயே சிலேட்டு தேய்ந்துவிட்டது.

பதில் போடுங்கள்.

உங்கள்
சில்லறை

மார்ச் 19

தம்பி சில்லறைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டிப்போ விலாசத்துக்குப் போட்டிருக்கிறாய், மானேஜர் முதற்கொண்டு எல்லாரும் உறையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வராமல் போனதற்கு நீயே ஒரு காரணம் எழுதியிருக்கிறாய். அதையே வைத்துக்கொள்.

நீ படிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஐம்பத்திரண்டு நிறுத்தத்தையும் கட்டணத்தோடு தூக்கத்தில் சொன்னவன்தானே. நோய் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு வீட்டில் உள்ளவர்களைப் பயமுறுத்தாதே.

உன் இடத்தில் இப்போது ஒரு பெண் கண்டக்டர். என் வயதுதான் இருக்கும். வாய் கொஞ்சம் நீளம். போன வாரம் இடது பக்கக் கண்ணாடியை விளக்குக் கம்பத்தில் உரசிவிட்டேன். கண்ணாடி போயிற்று. "இருபது வருஷமா அதே கம்பம் அங்கதான் நிக்குது அண்ணே, அதுவா நகர்ந்து வந்துச்சு?" என்கிறாள். தெரு குறுகிவிட்டது என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் பார்க்க வேண்டும் இந்தப் புத்தகத்தை. தலையணை கனம். கிளி கடித்தால் ஓர் எண். அதே கிளி கடிக்காமல் இறக்கையால் அடித்தால் வேறு எண். பஸ் விபத்துக்கு மட்டும் ஒரு வரிசையே இருக்கிறது. ஏறும்போது விழுந்தவனுக்கு ஒன்று, உள்ளே இருந்தவனுக்கு ஒன்று, டிரைவருக்குத் தனியாக ஒன்று. கண்டக்டருக்கு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. சிலேட்டில் எழுதிக் கேட்டேன். "நீங்களும் பயணிதான் சார்" என்றார் வாத்தியாரம்மா. பதினான்கு வருஷம் நான் ஓசியில் பயணம் செய்திருக்கிறேன் அண்ணே.

இன்னொரு விதி சொன்னார். வெளிநோயாளிச் சீட்டில் டாக்டர் "இதுவாக இருக்கலாம்", "சந்தேகம்" என்று எழுதியிருந்தால் அந்த நோயின் எண்ணைப் போடக்கூடாது. இருமல் என்றால் இருமல், வலி என்றால் வலி. கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிக்கு மட்டும்தான் எண். சந்தேகத்துக்கு எண் இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊரில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

போன வாரம் என்னுடைய பழைய ஃபைலையே எடுத்துக்கொண்டு போய்ப் பழகினேன். குரல்வளைப் புற்றுக்கான எண்ணைப் போட்டேன். வாத்தியாரம்மா சிவப்பில் அடித்துவிட்டார். "கட்டியை எடுத்தாச்சு. சிகிச்சை முடிஞ்சுது. இப்ப உங்களுக்கு அந்த நோய் இல்ல சார். முன்னாடி இருந்துச்சுன்னு சொல்றதுக்குன்னே வேற நம்பர் இருக்கு, அதைப் போடுங்க" என்றார். டாக்டர் இதையே பத்துத் தடவை சொல்லியிருக்கிறார், அப்போதெல்லாம் நான் நம்பவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் நம்பினேன்.

பஸ் சமாச்சாரம் எழுதுங்கள். ஒன்று விடாமல்.

சில்லறை

ஏப்ரல் 27

தம்பிக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய், இந்தா பிடி. நூலக நிறுத்தத்தில் இரண்டு பேர் கை காட்டியும் நான் நிறுத்தாமல் வந்துவிட்டேனாம். புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். நின்றிருந்தால் எனக்குத் தெரியாதா? ஓடி வந்திருப்பார்கள். கண்டக்டர் அம்மாவோ, "அவங்க பத்து நிமிஷமா நிக்கிறாங்க, நீங்கதான் பாக்கல" என்று அவர்கள் பக்கம் பேசுகிறாள்.

வீட்டில் உன் அண்ணி புது அலமாரி வாங்கி நடையில் வைத்திருக்கிறாள். தினமும் அதில் இடது தோளை இடித்துக்கொள்கிறேன். நேற்று அதே பக்கம் வைத்திருந்த டீ டம்ளரைத் தட்டிவிட்டேன். "உங்களுக்கு அடக்கமா நடக்கவே தெரியாதா" என்கிறாள். இதற்கெல்லாம் உன் புத்தகத்தில் எண் இருக்கிறதா, இருந்தால் போட்டு அனுப்பு. ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம். அதுவரை தோள் தாங்கினால் போதும்.

அண்ணன்

மே 10

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

வகுப்பில் பழகுவதற்குப் பெயரை மறைத்த சீட்டுகள் தருவார்கள். செவ்வாய்க்கிழமை எனக்கு வந்தது ஒரு தபால்காரருடைய சீட்டு. டாக்டர் எழுதியிருந்தது இது: ஓரத்தில் வருவது தெரிவதில்லை. கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்கிறார். பக்கத்தில் வைத்த பாத்திரத்தைத் தட்டிவிடுகிறார். வலி கிடையாது. நேராகப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிவதால் கண்ணில் கோளாறு என்று அவருக்கே தோன்றவில்லை. முடிவில் நோயின் பெயர்: கண் நீர் அழுத்தம், அதாவது கிளாக்கோமா.

எண்ணைப் போட்டுவிட்டேன். ஆனால் பேனாவை வைக்க முடியவில்லை. கம்பம், நூலகம், அலமாரி, டம்ளர். எல்லாம் இடது பக்கம் அண்ணே. உங்கள் கடிதம் இரண்டையும் வகுப்புக்குக் கொண்டுபோய், யாருடையது என்று சொல்லாமல் வாத்தியாரம்மாவிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அவர் என்ன வேலை பாக்கிறார்?" என்று கேட்டார். சிலேட்டில் எழுதினேன். "இன்னைக்கே கண்ணைக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

காட்டுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

சில்லறை

மே 18

தம்பிக்கு,

ரெண்டு மாதம் படித்தவன் என் கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிறாய். என் கடிதத்தை யாரோ ஒரு அம்மாளிடம் காட்டியிருக்கிறாய். இருபத்தெட்டு வருஷம் ஒரு உயிர்மேல் ஏற்றாமல் ஓட்டியிருக்கிறேன். கண்ணில் கோளாறு என்று சீட்டு வந்தால் மறுநாளே என் வேலைச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? சந்தேகத்துக்கு எண் இல்லை என்று நீதானே எழுதினாய். அந்த விதி எனக்கு மட்டும் கிடையாதா?

இனி எழுதாதே.

மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றுதான், இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த விதியை நான் பாதிதான் எழுதியிருந்தேன். சந்தேகத்துக்கு எண் போடக்கூடாது. ஆனால் சந்தேகம் வந்த ஆளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதற்கு எண் உண்டு. உங்களுக்கு நோய் என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஒன்றுமில்லை என்று வந்தால் டிப்போ வாசலில் வைத்து என்னைத் திட்டுங்கள். திருப்பிப் பேச எனக்கு வாயில்லை, உங்களுக்கு வசதி.

கடிதத்தைக் காட்டியது தப்புதான். மன்னித்துவிடுங்கள். காட்டாமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

சில்லறை

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

சொன்ன வாக்கை மீறி எழுதுகிறேன். பரீட்சை முடிந்தது. நூறு கேள்வி, நாலு மணி நேரம், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். பார்த்தும் பாதிப் பேர் கோட்டை விட்டார்கள். நான் தேறிவிட்டேன். அடுத்த மாதம் வேலையில் சேருகிறேன்.

யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். பதில் வேண்டாம்.

சில்லறை

செப்டம்பர் 16

தம்பி சில்லறைக்கு,

தேறினதில் சந்தோஷம். உன் அண்ணியும் சந்தோஷப்பட்டாள்.

ஜூன் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். சந்தை முக்கு நிறுத்தத்தில் ஆள் ஏற்றிவிட்டு எடுத்தேன். கண்டக்டர் அம்மா விசிலை ஊதி ஊதிக் கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். இடது பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். ஒரு சாண்தான் இடைவெளி. அவளுக்கு ஒன்றும் தெரியாது, தன் பாட்டுக்கு நடந்து போனாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்தான் திட்டினார்கள், இப்படியா பிரேக் போடுவது என்று. பிரேக் போட்ட எனக்கே அவள் எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. பஸ்ஸை ஓரங்கட்டிச் சாவியைக் கண்டக்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். எல்லாரையும் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணை மூடிவிட்டு ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நானும் காத்துக்கொண்டே இருந்தேன். "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண், "பாதி முடிஞ்சிருச்சுங்க" என்றாள்.

இடது கண்ணில் முக்கால்வாசி போய்விட்டது. போனது திரும்பாதாம். வலது கண் நன்றாக இருக்கிறது, சொட்டு மருந்து விட்டு அதைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். டிப்போவில் நேரம் குறிக்கும் மேஜை வேலை கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறது. சீட்டைக் கிழிக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. ஆபரேஷனுக்கு முன்னால் எட்டு மாதம் உன் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. எல்லாரையும்விட எனக்குத்தான் அது முதலில் தெரியும், தினம் கேட்கிறவன் நான். கேலி செய்தேன். நீ தண்ணீர் விழுங்கும்போது முகம் சுளித்ததை மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். டாக்டரிடம் போடா என்று சொல்லவில்லை. சொன்னால் நீ லீவு போடுவாய், யாரோ ஒருவனோடு நான் ஓட்ட வேண்டும், அந்த அற்பக் காரணம்தான். முன்னாலேயே போயிருந்தால் குரல் தப்பியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் உன் வீட்டுக்காரி சொன்னாள். அதற்கு மேல் உள்ளே வர எனக்குக் கால் எழவில்லை. நீ எழுதியதுபோல் லீவு கிடைக்காமல் அல்ல.

நான் சொல்லாததை நீ எனக்குச் சொல்லிவிட்டாய். அதுவும் மூன்று தடவை கிழித்து எழுதி.

ஞாயிற்றுக்கிழமை பத்தேகால் பஸ்ஸில் வருகிறேன், டிக்கெட் எடுத்து. நிறுத்தத்துக்கு வந்து நில். நான் இறங்கியதும் வலது கைப் பக்கமாக நிற்க வேண்டும், மறந்துவிடாதே. இடப்பக்கம் நின்றாயானால் நீ எனக்குத் தெரியமாட்டாய், உன்னால் என்னைக் கூப்பிட முடியாது.

அண்ணன்