பல் படாத ஜாடி

அக்கா,

அலமாரியைத் துடைக்கும்போது இன்று உன் பூச்சாடி கையில் பட்டது. அந்தச் சொரசொரப்பு விரலில் ஏறியதும் பழைய கோபம் அப்படியே வந்துவிட்டது. செத்தவளிடம் கோபப்படக் கூடாதாம். யார் சொன்னது?

1950களின் கடைசியில், மண்பாண்டப் பயிற்சி முடித்து வந்து, பொன்னமராவதி வீட்டுப் பின்கட்டில் சூளை போட்டாய். ஜாடி பளபளக்க மேலே பூசும் கரைசலை நீயே கலந்தாய். அதில் சேரும் ஈயப்பொடி விஷம் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீயும் மறக்கவில்லை. சாப்பாட்டுப் பாத்திரம் எதற்கும் அதைப் பூசமாட்டாய். அடுப்படிச் சல்லடையை அந்தப் பக்கம் விடமாட்டாய். நான் எட்டிப் பார்த்தால், "மூக்கக் கட்டிக்கிட்டு வா, இல்லாட்டி அங்கிட்டே நில்லுடி" என்று அதட்டுவாய். சட்டமெல்லாம் எனக்கு. உனக்குக் கிடையாது.

கரைசல் நைசாக அரைபட்டதா என்று பார்க்க, ஒரு சொட்டை முன்பல்லில் வைத்துக் கடிப்பாய். "வெரலுக்குத் தெரியாதது பல்லுக்குத் தெரியும்" என்பாய். துப்பி வாய் கொப்பளித்தால் போதுமாம். ஒருநாள் பொறுக்காமல் கத்தினேன்.

"சாமிக்குப் பொங்குறப்ப ருசி பாக்காமத்தானே எறக்குற? இதையும் சாமிக்குன்னு நெனச்சுக்கயேன்."

சிரித்தாய். ஆனாலும் ஒரே ஒரு சூளைக்கு என் பேச்சைக் கேட்டு, விரலால் மட்டும் தடவிப் பார்த்துப் பூசினாய். என் கெட்ட நேரம், அத்தனை ஜாடியும் மணல் ஒட்டியதுபோல வந்தது. ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்து, "இந்தா, ஒஞ் சாமிக்கே வச்சுக்க" என்றாய். மறுநாளே பழைய குருடி, கதவைத் திறடி. கூட ஒரு மணி நேரம் அரைத்திருந்தால் பல்லே தேவைப்பட்டிருக்காது. அது எனக்குத் தோன்றியது நீ போன பிறகு.

முதலில் வயிற்றுவலி வந்தது. பிறகு மணிக்கட்டு தொங்கிப்போனது. தலையில் பூ வைக்கக்கூட கை எழும்பவில்லை, நான்தான் வைத்துவிட்டேன். ஈயம் உடம்பில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றும், "கடைசிச் சூளையோட பளபளப்பப் பாத்தியாடி?" என்றுதான் கேட்டாய். ஓங்கி ஒன்று வைத்திருக்க வேண்டும். அழுதுகொண்டு நின்றேன். அடுத்த தையை நீ பார்க்கவில்லை.

உன் பளபளத்த ஜாடிகளெல்லாம் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. என்னிடம் இருப்பது, உன் பல் படாத இந்த ஒன்றுதான். இதே மாதிரி வீடு நிறையச் செய்து அடுக்கியிருக்கலாம். ஒன்றுகூட விற்காமல் போயிருக்கலாம். "எல்லாம் ஒன்னாலதான்டி" என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொண்டு நீ இருந்திருக்கலாம்.