அவசரம் இல்லை

24 மார்ச் 2003, பூதலூர்

அப்பா இன்று ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை போய்த் திரும்பினார். ஜனவரியில் வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது, நடக்க ஆறு மாதம் ஆகும் என்றார் தஞ்சாவூர் டாக்டர். மூன்றாம் மாதமே நடக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு ஏன் திக்கென்றது? அவர் நடந்துவிட்டால் நான் இங்கே இருக்கக் காரணம் இல்லை — அதுவா?

மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா அது, காலையிலேருந்து தட்டிக்கிட்டே இருக்கே?"

"கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து வரல, பிரிண்டர் ஓடலன்னு உலகம் பூரா இருந்து இந்த இணையக் களத்துல வந்து கேக்குறாங்கப்பா. தெரிஞ்சவங்க பதில் சொல்றோம்."

"சம்பளம்?"

"கிடையாது."

"அப்ப நம்ம விவசாயம் மாதிரிதான்" என்று எழுந்து போனார்.

29 மார்ச்

மதியிடமிருந்து மெயில். சிங்கப்பூரில் அந்தப் புதுத் தொற்றுக் காய்ச்சல் பரவுகிறது, பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். அவர் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் கணக்குப் பிரிவுக்காரர்களையும் வாசலில் நிறுத்தி ஜுரம் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்களாம். "இப்ப வராதே மங்கை. மாமாவோட அங்கேயே இரு."

படித்ததும் பயம். பயத்துக்கு அடியில் ஒரு நிம்மதி. புருஷன் நோய்க்கு நடுவில் தனியாக இருக்கிறார், எனக்கு நிம்மதி! இதை யாரிடம் சொல்ல?

11 ஏப்ரல்

களத்தில் இன்று ஒரு புது ஆள். தலைப்பு: "அவசரம்!!! உதவுங்கள்!!!" உள்ளே ஒரே வரி: "மைக் வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை." பெயர் மூஸா, ஊர் வேதாரண்யம்.

என்ன கணினி, எப்போதிலிருந்து இப்படி, என்ன செய்து பார்த்தார் — ஒன்றும் இல்லை. வழக்கம்போலக் கேட்டேன். உடனே பதில் வந்தது: "சார், தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலேன்னா விடுங்க. எதுக்குக் குறுக்கு விசாரணை?"

சார்! 'கல்லணை' என்று புனைபெயர் வைத்துக்கொண்டால் ஆம்பளை என்றுதான் நினைப்பார்கள். நானும் திருத்துவதில்லை. மதிக்கு மட்டும்தான் தெரியும்.

கோபம் வந்துவிட்டது. "இங்கே யாரும் உங்களுக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை" என்று எழுதிவிட்டேன். டொராண்டோக்காரர் ஒருவர் "சபாஷ்" போட்டார். நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரம்.

12 ஏப்ரல்

மூஸா மறுபடி எழுதியிருக்கிறார். இந்தமுறை நீளமாக. சின்ன பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். துபாயிலும் சவூதியிலும் இருக்கிற ஆண்களோடு வீட்டுப் பெண்கள் வந்து பேசுகிற இடம். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, அன்றைக்குத்தான் கூட்டம். அந்தப் பக்கம் பேசுவது இங்கே கேட்கிறது, இங்கே பேசுவது அங்கே போகவில்லை.

"ஜன்னத் பீவின்னு ஒருத்தங்க. புள்ளை பொறந்து இன்னும் ஒரு மாசம் ஆகல. அது அழுவுற சத்தத்தை துபாய்ல இருக்கிற அதோட அத்தாவுக்குக் கேக்க வைக்கணும்னு தூக்கிட்டு வந்தாங்க. புள்ளையும் அழுதுச்சு. அவருக்குக் கேக்கல. பேசாம எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதான் அவசரம்னு போட்டேன் சார்."

இதை முதலிலேயே சொல்லக்கூடாதா, மனுஷா!

ஒலிப்பதிவுப் பகுதியில் மைக்குக்குப் பதிலாக வேறு ஏதோ தேர்வாகி, மைக் மூடிக் கிடக்கும். எங்கே போய் எதைத் திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியாக எழுதிப் போட்டேன்.

20 ஏப்ரல்

மூஸாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. சரியானதா, இல்லையா? நன்றி வேண்டாம். அந்தக் குழந்தை அழுதது துபாயில் கேட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

மீரா உசேன் பாய் கடை ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஸ்டேஷன் பக்கம் அவர் மளிகைக் கடையில்தான் போன். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த நம்பரைப் போட்டு, வேறொருவர் போன் என்பதற்கு அடையாளமாக 'பி.பி.' என்று அச்சடித்திருந்தோம். பம்பாயிலிருந்து சித்தப்பா கூப்பிட்டால் பாய் ஆள் அனுப்புவார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார், பின்னால் நான். கடையில் மல்லி வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும். தொழுகை நேரத்தில் போய் நிற்கக்கூடாது. கூட்டம் இருந்தால் கத்திப் பேசக்கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பேசி முடித்ததும் அப்பா பாயிடம் போய் நிற்பார். "தம்பிக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சாம் பாய்." பாய் தராசைக் கீழே வைத்துவிட்டுத்தான் அதைக் கேட்பார். முகமெல்லாம் சிரிப்பாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்கிற உரிமை அவருக்கு இருந்தது. சொல்லாமல் வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்ததில்லை.

அதே நினைப்பில் 'கேட்கும் முறை' என்று களத்துக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டேன். வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். நீங்கள் என்ன முயன்றீர்கள், பழுது எந்தப் பக்கம் என்று நினைக்கிறீர்கள் — அதையும். தலைப்பில் அவசரம் என்று போடாதீர்கள். தீர்ந்தால் வந்து ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள். இப்படி. நிர்வாகி அதை முதல் பக்கத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டார். எல்லோரும் 'கல்லணை ஐயா' என்கிறார்கள் இப்போது. ஐயா!

2 மே

அலமாரியில் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. மருத்துவக் கல்லூரிச் சாலையில் நாங்கள் படித்த கம்ப்யூட்டர் சென்டர், தொண்ணூற்றாறு. எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏ.சி. அறைக்குள் போகவேண்டும், மூன்று பேருக்கு ஒரு கணினி. கணக்கு மென்பொருள் படிக்க வந்த மதி ஓரத்தில் ஒடுங்கி நிற்கிறார். ஒற்றை விரலால் தட்டுவார். தவறு வந்தால் யாரையும் கேட்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னிடம் வந்து, "ஒரு சந்தேகம் கேக்கலாமா? இப்ப வேணாம், நீங்க சும்மா இருக்கும்போது போதும்" என்றார். அப்படிக் கேட்டவரை எப்படிச் சும்மா விடுவது!

அந்த மனுஷரிடம்தான் ஐந்து மாதமாக மனம்விட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

டிசம்பரில் சிங்கப்பூரில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை போனது. ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள், வெளியே வரும்போது என் மேஜைமேல் அட்டைப்பெட்டி இருந்தது. வீட்டுக்கு வந்தால் மதி டீ போட்டு வைத்திருக்கிறார். "போனாப் போவுது. நான் இருக்கேன்ல." அன்பாகத்தான் சொன்னார். ஆனால் — அந்த ஒரு வார்த்தையில் நான் ஒன்றுமில்லாமல் போய்விட்டேன். அவருக்கே கணினி சொல்லிக்கொடுத்தவள் நான். அப்புறம் அப்பா விழுந்தார், அந்த வாரமே டிக்கெட் எடுத்தேன்.

களத்தில் இது யாருக்கும் தெரியாது. அங்கே நான் கல்லணை.

1 ஜூன்

சிங்கப்பூரில் நோய் ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். மதி: "இனி பயமில்லை. எப்ப வர்ற?"

நாளைக்கு எழுதலாம்.

14 ஜூன்

"போன் பண்ணினா எப்பவும் என்கேஜ்டா இருக்கே? மாமா நல்லா நடக்கிறாங்கல்ல? வீட்டு ஒப்பந்தம் ஆகஸ்ட்ல முடியுது. புதுப்பிக்கவா, இல்ல நான் கிளம்பி அங்க வந்துடவா? நீ எது சொன்னாலும் சரி."

என்கேஜ்டாக இல்லாமல்? இருக்கிற ஒரே லைனை நான் நாள் முழுக்கக் களத்துக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். பாரிஸில் ஒரு அம்மாவுக்குத் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். அவருக்கு ஒரு பக்கம் எழுதினேன். மதிக்கு ஒரு வரி வரவில்லை.

22 ஜூன்

மூன்றாவது மெயில். திறக்கவில்லை.

4 ஜூலை

களத்தில் வந்ததை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். புது உறுப்பினர், பெயர் 'ஜூரோங்வாசி'. தலைப்பு: "ஒரு முனையிலிருந்து பதில் வருவதில்லை."

"வணக்கம். நான் புதியவன். கேட்கும் முறையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். தமிழில் தட்டுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுக்கவும். என் இணைப்பில் இரண்டு முனை. ஒன்று சிங்கப்பூர், ஒன்று தஞ்சாவூர்ப் பக்கம். நான்கு வருடம் நன்றாக இருந்தது. ஜனவரியில் ஒரு முனை இடம் மாறியது. தற்காலிகம் என்றார்கள். இங்கிருந்து அனுப்புவது போய்ச் சேருகிறது என்று நினைக்கிறேன். திரும்ப ஒன்றும் வருவதில்லை. முயன்றது: தொலைபேசி, எப்போதும் உபயோகத்தில் உள்ளது. மின்னஞ்சல், மூன்று. பழுது எந்தப் பக்கம் என்று தெறியவில்லை. என் பக்கம் என்றால் சரி செய்யத் தயார். எப்படி என்று சொன்னால் போதும். அவசரம் இல்லை."

'தெறியவில்லை.' எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன், இந்த றகரத்தை.

ஒற்றை விரல். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

5 ஜூலை

பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. யாருக்கும் ஒன்றும் தெரியாது, பாவம். டொராண்டோக்காரர், "இரு முனையிலும் என்ன மோடம்?" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர் வயரை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்.

கடைசியாக மூஸா: "அண்ணே, நீங்க சொல்றதப் பாத்தா லைன்ல கோளாறு இல்ல. அந்தப் பக்கம் மைக்க மூடி வச்சிருக்காங்க. எனக்கும் இதே கதைதான். கல்லணை சார்தான் வழி சொன்னாரு. புள்ளை அழுத சத்தம் துபாய்க்குப் போச்சு, அந்த மனுஷரு அங்க விம்மி விம்மி அழுதாரு. வந்து சொல்லாம விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க சார். அண்ணே, கொஞ்சம் பொறுங்க. சார் பாத்தாருன்னா நிச்சயம் பதில் சொல்வாரு. முதல்ல திட்டுவாரு. ஆனா யாரையும் பதில் சொல்லாம விட்டதில்ல."

எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அப்பா பின்னாலேயே வந்தார். கொஞ்ச நேரம் தென்னையைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

"மாப்பிள்ளைக்கு உடம்பு எதுவும்...?"

"இல்லப்பா. நல்லாருக்காரு."

"எனக்காகத்தான் இருக்கேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நான் வயலுக்கே போக ஆரம்பிச்சு நாளாச்சு."

6 ஜூலை, ஞாயிறு

மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கிப் போனில் செருகினேன். ஒரே மணியில் எடுத்தார்.

"மங்கை?"

"உங்க கேள்விய படிச்சேங்க."

"விவரம் போதுமா?" என்றார். சிரிக்கிறாரா, குரல் உடைகிறதா?

"பழுது இந்தப் பக்கம்தான்."

"அது போதாது. என்ன நடக்குதுன்னு சொல்லு."

சொன்னேன். அட்டைப்பெட்டியை, லிஃப்டில் அதைத் தூக்கிக்கொண்டு நின்றதை, டீயை, "நான் இருக்கேன்ல"வை. களத்தில் நாலு பேர் ஐயா என்று கூப்பிட்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது என்பதைக்கூட.

"நான் இருக்கேன்னு சொன்னதுல என்ன தப்பு மங்கை?"

"தப்பில்லங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கு முன்னாடியே ஆறுதல் சொல்லிட்டீங்க."

"பயமா இருந்துச்சு" என்றார். "கேட்டா அழுதுடுவியோன்னு."

"அழுதிருப்பேன். அதனால என்ன?"

இருவரும் அழுதோம். ஐ.எஸ்.டி.யில்.

9 ஜூலை

மதி களத்தில் எழுதியிருக்கிறார்: "பழுது இரண்டு முனையிலும் இருந்தது. சரியாகிக்கொண்டு வருகிறது. அனைவருக்கும் நன்றி."

கீழே மூஸா: "எப்படிச் சரி பண்ணீங்கன்னு எழுதுங்க அண்ணே. மத்தவங்களுக்கும் உதவும்."

அதற்கு மதி இன்னும் பதில் போடவில்லை.

17 ஆகஸ்ட்

ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார். நாளை திருச்சியில் விமானம். ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டே அப்பா சொன்னார்: "அப்பாடா, இனிமே போன் எனக்கு."

18 செப்டம்பர், சிங்கப்பூர்

இன்று ஒரு நேர்காணல். இது கிடைக்காது. என்னைவிட நாலைந்து வயது சின்னவன் ஒருவன் கேள்வி கேட்டான்; தெரிந்ததைக்கூட உளறினேன். வெளியே வந்தால் எதிர்ப்பக்க நிழலில் மதி நின்றுகொண்டிருந்தார். அரை நாள் லீவாம், சொல்லவே இல்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.

"என்ன கேட்டாங்க?" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து முதல் கேள்வியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். எங்கே தடுமாறினேன், அவன் எப்போது கடிகாரத்தைப் பார்த்தான், வெளியே வரும்போது கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியாமல் நின்றது — எல்லாம். மதி பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் எங்கள் பஸ் வந்தது. எழுந்தேன். என் கைப்பையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இன்னும் முடியலையே" என்றார். "அடுத்ததுல போலாம்."