பிடி அரிசிப் பானை

முதல் ஷிப்டுக்குக் கிளம்புமுன், தூங்கிக்கொண்டிருந்த கணவருக்குக் காலண்டர் தாளின் பின்புறம் செலின்மேரி அழுத்தி அழுத்தி எழுதினாள்:

"என்னங்க, தினம் உலை வைக்கறப்ப நாம சாப்பிடற அரிசியிலதான் ஒரு பிடி எடுத்து, மாதா கோயிலுக்குன்னு பானையில போடறேன். அதுல போய் வண்டு விழுந்த பழைய அரிசியக் கொட்டி ரொப்பி வச்சிருக்கீங்க. கேட்டா, 'ஏழைங்களுக்குத்தானே போகுது'ங்கறீங்க. அத வாங்கிப் பொங்கற ஜூஜுவாடி ஷெட்டு கூலிக்காரங்களுக்கு மட்டும் வேற வாயா, வேற வயிறா?

பத்து மணிக்குப் பங்குக் கோயில்ல இருந்து பிலோமினா அக்கா அரிசி வாங்க வருவாங்க. நல்ல அரிசி மாத்தி வச்சிருக்கேன், எடுத்துக் குடுங்க. வெளிய போனா சாவி பக்கத்து வீட்ல."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"வண்டு அரிசி வீணாகல. உங்களுக்கு அதைத்தான் வடிச்சு வச்சிருக்கேன். ஒரு பிடிகூட மீதி வைக்காதீங்க."