கரையான் அரிக்காத பதிவேடு

சிங்காநல்லூர்,
9.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில் எழுதுவது. இங்கே நானும் அவரும் நித்யஸ்ரீயும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாமென்று சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் "ஜெபம் பண்ணிக்கலாம் கண்ணு" என்று வைத்துவிடுவீர்கள். காகிதமென்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தானே ஆக வேண்டும்.

நித்யஸ்ரீக்குக் கால்நடை மருத்துவம் கிடைக்கும் போலிருக்கிறது. எஸ்.சி. பட்டியலில் நல்ல இடத்தில் இருக்கிறாள். அடுத்தவர் கொட்டகையில் சாணி அள்ளின நம் அப்பா ஐயாசாமியின் பேத்தி மாட்டு டாக்டர்! பம்ப் கம்பெனியில் மோட்டார் காயில் சுற்றும்போது அதை நினைத்தால் கை தவறுகிறது. மேஸ்திரி திட்டுகிறார், எனக்குச் சிரிப்பு வருகிறது.

இப்போது கெட்ட செய்தி. எந்தப் புண்ணியவானோ தாலுகா ஆபீஸுக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான். இந்தப் பெண் இந்து என்று சான்றிதழ் வைத்திருக்கிறாள், ஆனால் பவானி சபையில் ஞானஸ்நானம் எடுத்தவள் என்று எழுதியிருக்கிறான். சாதி அதே சாதிதான். ஆனால் கிறிஸ்தவர் என்றால் எஸ்.சி. கிடையாது, பி.சி.தான். இது உங்களைவிட யாருக்குத் தெரியும்? பி.சி. பட்டியலில் அவள் மார்க்குக்கு இடமில்லை. பவானி ஆர்.ஐ. சபையில் விசாரித்து எழுத வேண்டுமாம். சபைச் செயலாளர் நீங்கள். பதிவேடு உங்கள் பீரோவில் இருக்கிறது.

எனக்கு அந்தப் பதிவேட்டின் மேல் பதினேழு வருஷக் கோபம். நம் சபையில் எந்தப் பிள்ளைக்கும் ஞானஸ்நானப் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள். எதற்காக என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயரும் "எஸ்தர்னு மட்டும் எழுதுங்க" என்றுதான் சொன்னார். நீங்கள்தான், "நாளைக்கு இது யாருன்னு தெரிய வேண்டாமுங்களா" என்று பக்கத்திலேயே நித்யஸ்ரீ என்றும் எழுதி, அப்பா ரங்கராஜ், அம்மா எழில் என்று முத்துமுத்தாக எழுதினீர்கள்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம் அண்ணா. அந்த வருஷத்துப் பதிவேடு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

உங்கள் தங்கை,
எழில்


பவானி,
13.6.2025

கர்த்தருக்குள் அன்பான தங்கை எழிலுக்கு,

அண்ணன் கிருபா எழுதுவது. அண்ணிக்கு வலி பரவாயில்லை. படி ஏறத்தான் செய்கிறாள். நித்யஸ்ரீயின் மார்க்கை நானும் அவளும் தினம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறோம்.

நீ கேட்டதைச் செய்ய என்னால் முடியாது கண்ணு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்த ஒருவர் மகனுடைய பிறந்த தேதியை மாற்றி ஜெராக்ஸ் போட்டுத் தரச் சொன்னார். பாவப்பட்ட மனிதர், காரணமும் நியாயமானதுதான். மாட்டேனென்று அனுப்பிவிட்டேன். அப்போது கடையில் நின்றிருந்த ஆர்.ஐ. லட்சுமணசாமி, "தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்புல இப்படி ஒருத்தருங்களா" என்று சிரித்தார். இப்போது விசாரணைக்கு வரப்போகிறவரும் அவர்தான்.

உண்மை ஆளுக்கொன்று என்று வைத்துக்கொண்டால் அப்புறம் யாரை நோக்கி விரல் நீட்டுவது? உன் பொய்க்கு உன்னிடம் நல்ல காரணம் இருக்கிறது. மொட்டைக் கடுதாசி போட்டவனைக் கேட்டால் அவனும் ஒரு நல்ல காரணம் சொல்வான். அதோடு, அந்தக் குழந்தையைக் கையில் வாங்கி ஆண்டவருக்கென்று நாம் கொடுத்தோம். இன்று ஒரு சீட்டுக்காக, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதா? அதற்கு நம் பாஷையில் மறுதலிப்பு என்று பேர்.

வேறு கல்லூரி பார்ப்போம். நான் அலைகிறேன்.

அன்புடன் அண்ணன்,
கிருபா


சிங்காநல்லூர்,
17.6.2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. ஆண்டவரைச் சீடன் மறுதலித்தபோது கூவின சேவல் இங்கேயும் கூவிற்றா என்று மட்டும்தான் நீங்கள் கேட்கவில்லை.

சரி, நானும் கேட்கிறேன். நாம் ஞானஸ்நானம் எடுத்தது நமக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? அடுத்த நாள் காலையில் தோட்டத்து வீட்டில் அப்பாவுக்குக் காப்பி எதில் வந்தது? அதே கொட்டகை ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரில்தானே வந்தது! பெயர் மாறியும் டம்ளர் மாறவில்லை. சர்க்கார் மட்டும், நீங்கள் மாறிவிட்டீர்கள், இனி உங்களுக்கு ஒரு குறையுமில்லை என்கிறது. இதில் யார் அண்ணா பொய் சொல்வது? எல்லாருக்கும் ஒரே உண்மை என்றால் எல்லாருக்கும் ஒரே டம்ளர் இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்கிறேன். இத்தனை வருஷம் சொல்லாதது. நீங்கள் வருத்தப்பட வேண்டுமென்றுதான் சொல்கிறேன், ஒளிக்கவில்லை.

உங்களுக்கு எஸ்.சி. கோட்டாவில் சர்க்கார் வேலை வந்தது. நீங்களே தாலுகா ஆபீஸுக்குப் போய், நான் கிறிஸ்தவன், சான்றிதழை மாற்றுங்கள் என்றீர்கள். வேலை போயிற்று. சபையில் உங்களை மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். அந்த வாரம்தான் என் பத்தாவது ரிசல்ட் வந்தது. நானூற்று முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் நான்தான் இரண்டாவது. அம்மா மார்க் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். "அண்ணன் சத்தியவான் கண்ணு. அவனை ஒண்ணும் சொல்லக் கூடாது. நீ மில்லுக்குப் போயிட்டு வந்துரு" என்றாள். மில்லுக்குப் போனேன். உங்கள் உண்மைக்காக வீட்டை விட்டுப் போனவள் நான். உங்களுக்கு மேடை கிடைத்தது, எனக்குப் பஞ்சுத்தூசி கிடைத்தது.

அப்போது என்னை யாரும் கேட்கவில்லை. இப்போது என் மகளையும் கேட்கமாட்டீர்களா?

எழில்


பவானி,
24.6.2025

எழில் கண்ணு,

நானூற்று முப்பத்தொன்று எனக்குத் தெரியாது.

நீயே ஆசைப்பட்டு மில்லுக்குப் போனாய் என்று அம்மா சொன்னாள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. அம்மா என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள், அந்தப் பொய்யின் நிழலில் நான் இத்தனை காலம் சத்தியவானாக உட்கார்ந்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

மன்னிப்புக் கேட்பதால் நீ கேட்டதற்குச் சம்மதித்தேன் என்று எடுத்துக்கொள்ளாதே. டம்ளரைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் உண்மை. சட்டம் கோணலாக இருக்கிறது என்பதும் உண்மை. அதனால் பொய் நேராகிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். இது நான்காவது.

ஆர்.ஐ. ஜூலை இரண்டாம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிருபா


பவானி,
3.7.2025

தங்கை எழிலுக்கு,

நேற்று அவர் வந்தார். சபை அலுவலகத்தில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். எனக்குப் பின்னால் பீரோ, பீரோவுக்குள் பதிவேடு, சாவி என் சட்டைப் பையில்.

"ஏனுங்க, இந்த நித்யஸ்ரீங்கற பொண்ணு இங்க ஞானஸ்நானம் எடுத்திருக்குதுங்களா?" என்று கேட்டார். அவள் எனக்குத் தங்கை மகள் என்று அவருக்குத் தெரியாது.

"அந்த வருசத்து ஏட்டைக் கரையான் அரிச்சுப்போட்டதுங்க. அப்படி ஒரு பொண்ணுக்கு எடுத்ததா எனக்கு ஞாபகமில்லீங்க" என்றேன்.

பீரோவைத் திறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். திறக்கச் சொன்னால் திறந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அவர் சொல்லவில்லை. "அரிச்ச ஏட்டக் காட்டுங்கன்னு வேற யாரா இருந்தாலும் கேட்பேனுங்க. உங்க வார்த்தை போதுமுங்க" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேறு எவன் சொல்லியிருந்தாலும் அந்தப் பொய் செல்லாது எழில். நான் அதுவரை பொய் சொல்லாதவன் என்பதால் செல்லுபடியாகிவிட்டது. என் உண்மையெல்லாம் இதற்குத்தான் உதவியிருக்கிறது.

பக்கத்தைக் கிழிக்கவில்லை. எஸ்தர், நித்யஸ்ரீ, ரங்கராஜ், எழில் எல்லாரும் அப்படியே இருக்கிறீர்கள். பதிவேட்டில் ஒரு பொய்யும் இல்லை. பொய்யன் நான்தான்.

பிள்ளையிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நன்றாகப் படிக்கட்டும்.

கிருபா


சிங்காநல்லூர்,
22.7.2025

என் அண்ணனுக்கு,

சீட் கிடைத்துவிட்டது! ஆர்டர் கையில் வந்துவிட்டது. இவர் லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போனில் அழுதார். தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தேன். உங்களுக்கு எத்தனை தடவை போன் போட்டேன்! அண்ணிதான் எடுத்தார்கள், அவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

செயலாளர் பதவியை எழுதிக்கொடுத்துவிட்டீர்களாமே? முதல் ஞாயிறு திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகவில்லையாமே? கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களாம், ஆயர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம். இது என்ன பிடிவாதம்? ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்டிருக்கிறீர்கள். ஆண்டவர் என்ன, ஃபாரத்தைப் புரட்டிப் பார்க்கிற ஆர்.ஐ.யா? நிலைமையைப் பார்க்கமாட்டாரா? யாருக்கு என்ன கெடுதல் ஆயிற்று?

ஒரே ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. "நான் செய்தது தப்பில்லை" என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு நான் தூங்கிவிடுவேன்.

எழில்


பவானி,
25.7.2025

எழில் கண்ணு,

மாட்டு டாக்டர் அம்மணிக்கு மாமாவின் முத்தம். ஸ்டெதஸ்கோப் என் செலவு, அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அந்த ஒரு வரியைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் கேள். செய்தது தப்பு. தப்பென்று தெரிந்தே செய்தேன். அதைத் தப்பில்லை என்று சொன்னால் இரண்டாவது பொய்யாகிவிடும், அதை ஆண்டவரிடமே சொன்னதாகிவிடும்.

பிடிவாதம் என்கிறாய். கேள். திருவிருந்துக்கு முன்னால் பாவத்தை அறிக்கை செய்து, இனிச் செய்யமாட்டேன் என்று மனந்திரும்ப வேண்டும். நான் முழங்காலில் நின்று பார்த்தேன். லட்சுமணசாமி மறுபடியும் வந்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று என்னையே கேட்டேன். அரிசி டப்பாவுக்குள் மடித்து வைத்த மார்க் சீட்டுதான் கண்ணில் வந்தது. அதே பதிலைத்தான் சொல்வேன் எழில். அப்படிப்பட்டவன் எப்படி எழுந்து போய்க் கை நீட்டுவது?

யார்மேலும் வருத்தமில்லை. சாப்பாடு இறங்குகிறது, கடை நடக்கிறது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

அண்ணன்,
கிருபா


சிங்காநல்லூர்,
29.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதங்களை நித்யஸ்ரீயிடம் கொடுத்துவிட்டேன். சொல்லாதே என்றீர்கள், ஆனால் ஒளித்து வைத்த மார்க் சீட்டு ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "மாமா அங்கியே உக்காந்திருப்பாருங்களாம்மா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப நானும் அவருகூட உக்காந்துக்கறேன்" என்றாள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போகட்டும். அவள் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு மூன்று பேரும் பவானிக்கு வருகிறோம். அன்றைக்குப் பதினெட்டாம் பெருக்கு, கூடுதுறைக் கூட்டத்தில் பஸ் நகராது, அதனால் விடியும் முன்பே கிளம்பிவிடுவோம். அண்ணியைச் சமைக்க வேண்டாமென்று சொல்லுங்கள். நான் கோழி வறுத்து எடுத்து வருகிறேன்.

நீங்கள் ஆர்.ஐ.யிடம் சொன்னது தப்பென்று என் மனம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்காக நானும் பொய் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டவள் நான். நானூற்று முப்பத்தொன்றை எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினவளும் நான். நான் முன்னால் போய்க் கை நீட்ட, நீங்கள் பின்னால் தனியாக உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்காது.

கடைசி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் அண்ணா. நானும் எழுந்து போகப்போவதில்லை. பிள்ளை போய் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

உங்கள் தங்கை,
எழில்