பத்தொன்பதாம் நாள் வாளித் தண்ணீர்

டோரீன்,

அடைக்கோழிக்கு இன்று பத்தொன்பதாம் நாள். தீவனக் கடைக்குப் போகிறேன், மதியம் வந்துவிடுவேன். அதுவரை கொட்டகைப் பக்கம் போகாதே. சோளமும் தண்ணீரும் அதற்கு எட்டும்படி வைத்துவிட்டேன்.

சமையலறையில் நீல வாளி நிற்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், மேலே ஒரு கோழி இறகு. உன் கட்டைவிரலில் புதுப் பிளாஸ்திரி. கேட்டால், "பீன்ஸ் டப்பா மூடி கிழிச்சிருச்சு" என்று சொல்வாய். கோழி கொத்திய காயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உயிர் இருக்கிறதா என்று முட்டைகளை மிதக்கவிட்டுப் பார்த்திருக்கிறாய். உன் அக்கா லோரெட்டாவின் யோசனையாக இருக்கும். ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் தண்ணீர் புகுந்து குஞ்சு செத்துவிடும்.

நான் ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து, "அந்தக் கோழியாச்சும் இருபத்தோரு நாள்ல எந்திரிச்சிரும், நீ எப்பய்யா எந்திரிக்கப் போற?" என்கிறாய். சொல்லிக்கொள். முட்டையைத் தொடாதே.

அடுப்பில் சூப் இருக்கிறது. மக்காச்சோள ரொட்டியில் எனக்குப் பாதி வை.

வெர்னன்

பின்குறிப்பு: பத்து முட்டையையுமா மிதக்கவிட்டாய்? குஞ்சு உயிரோடு இருந்தால் முட்டை தண்ணீரில் தானாகவே ஆடும். எத்தனை ஆடின? இதற்குக் கீழே எழுதி வை. திட்டமாட்டேன்.