மலைக்கு ஓநாய் வந்தால்

என் மகளுக்கு,

ஆடுகளை நேற்றுதான் மலையிலிருந்து இறக்கினேன். ரோமம் கத்தரிக்க ஊரே சேர்ந்து இறக்குவதுதானே வழக்கம்? இந்த முறை நானும் நாயும் மட்டும்தான் ஏறினோம். இரண்டு நாள் பிடித்தது. பதினொரு ஆடுகள் இன்னும் மேலேயே நிற்கின்றன.

யாரும் வராததற்குக் காரணம் உண்டு. நம் மலையில் ஓநாய்களைக் கொண்டுவந்து விடலாமா என்று போன வாரம் ஊர்க் கூடத்தில் கூட்டம். எடின்பரோவிலிருந்து உன்னோடு வேலை பார்ப்பவர்கள் வந்து படம் போட்டுக் காட்டினார்கள். நீயும் வருவாய் என்று சவரம் செய்துகொண்டு போயிருந்தேன்.

வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். என் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. பக்கத்துப் பண்ணை மர்டோ என்னை இடித்தான்.

"என்னய்யா, தூங்கிட்டியா? கையத் தூக்கு!"

"முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"அப்போ உன் ஆட்ட இனிமே நீயே இறக்கிக்க."

கிறிஸ்துமஸ் அன்று உன்னிடம், "ஓநாய்தான் பெருசுன்னா இந்த வீட்டுப் பக்கமே வராத" என்று கத்தினேன். நான் சொன்ன எதையும் கேட்காதவள், அதை மட்டும் கேட்டுவிட்டாய்.

நான் மனம் மாறிவிட்டதாக நினைக்காதே. ஓநாய் என் குட்டிகளைத் தின்னத்தான் போகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஓநாய்களை விட்டால், அவற்றின் தடம் பார்க்க உங்கள் ஆட்களில் ஒருவர் வந்து வருஷக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். மலைக்குப் பக்கத்தில் இருப்பது நம் வீடுதான். உன் அறை ஜன்னல் இறுகிக் கிடந்தது. இழைத்துச் சரிசெய்துவிட்டேன்.

அப்பா